மூக்கு இருக்கும் உயரத்தில் விளக்கு

குருவிக்கு எது சுகமான இடம் என்று பார்த்துப் பார்த்துக் கூண்டு தொங்கவிட்ட முட்டாள், நிலக்கரிச் சுரங்க உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வேறு யாராவது வந்து சொல்வதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

விஷயம் இதுதான். கோலாலம்பூர்ப் பக்கம், ரவாங்குக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு நிலக்கரிச் சுரங்கம். அதில் எனக்கு வாயு பார்க்கும் வேலை. கரி மண்ணுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறினால் ஒரு நச்சுக்காற்று பிறக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மனிதனுக்குத் தெரிவதற்குள் கதை முடிந்துவிடும். குருவிக்கு முன்னாலேயே தெரியும்; தலைசுற்றிக் குச்சியிலிருந்து விழும். குருவி விழுந்தால் ஆட்கள் ஓட வேண்டும். அதற்காகக் பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்களிடம் சில்லைக் குருவிகள் வாங்கிக் கூண்டிலடைத்து, "தக்க இடமாகப் பார்த்து மாட்டு" என்று என்னிடம் கொடுத்தார்கள்.

நானும் பார்த்தேன். மேலேயிருந்து வெளிக்காற்று குளுகுளுவென்று இறங்கி வருமே, அந்த வாசலில் வரிசையாக மாட்டினேன். தினை போட்டேன், தண்ணீர் வைத்தேன். குருவிகள் கொழுத்தன. ஒன்று முட்டைகூட இட்டது. "என் கையில் ஒரு குருவி செத்ததுண்டா?" என்று சுரங்கமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் மேலதிகாரி வைத்திலிங்கம் ஐயா ஒருநாள் வந்து கூண்டுகளை அண்ணாந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சுரங்கத்துக்குள் காற்று எப்படி வர வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று பார்ப்பது அவர் உத்தியோகம். ஆகவே நாங்கள் வைத்த பெயர் காத்து ஐயா.

"எப்பிடி, குருவியள் சுகமோ?"

"ரொம்ப சொகமுங்க ஐயா! ஒண்ணு முட்டைகூட வச்சிருக்கு."

"அப்ப நீர் கூண்டுக்குள்ள ஏறும். குருவி வாயு பாக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். நல்ல காற்று இருக்கிற இடத்தில் குருவியை மாட்டினால் அது நல்ல காற்று இருக்கிறது என்று மட்டுமே சொல்லும் என்பது, கூண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போதுதான் என் மண்டையில் ஏறியது.

இந்தப் பழங்கதையை இப்போது எழுதக் காரணம் உண்டு. வேலையை விட்டுப் பிரிக்பீல்ட்ஸில் வந்து குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுரங்கத்துப் பிள்ளைகள் சாமான் வாங்கக் கோலாலம்பூர் வந்தால் என்னையும் எட்டிப் பார்ப்பார்கள். சீமையிலிருந்து ஒரு மெஷின் வரப்போகிறதாம். மின்சாரத்தாலேயே வாயுவைக் கண்டுபிடித்துவிடுமாம். "அதை எங்கண்ணே மாட்டுறது?" என்று கேட்கிறார்கள். மெஷினுக்கு எல்லாம் தெரியுமாம். தான் எங்கே தொங்க வேண்டும் என்பது மட்டும் தெரியாதாம். அந்த விஷயத்தில் அது என்னைப் போலத்தான் என்று கேட்டபோது எனக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

நான் வாயுக்காரனான கதை சின்னது. கிள்ளானில் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் புல் வெட்டினேன். பிறகு பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்டேன். கரியைத் தின்கிற இடத்தில் இருப்பதைவிடக் கரி பிறக்கிற இடத்துக்கே போனால் பெரிய ஆளாகலாம் என்று ஒருவன் சொன்னான். போனேன். பெரிய ஆளாகவில்லை, கறுப்பு ஆளானேன். அதிலும் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது.

ஐயா எனக்குப் படிப்பித்தது முக்கியமாக மூன்று காற்று. ஒன்று கூரையோடு ஒட்டும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். இரண்டாவது தரையோடு படுக்கும். விளக்கை அணைக்கும், ஆளையும் அணைக்கும். மூன்றாவதுதான் குருவிக்கு மட்டும் தெரிகிற நச்சு. எனக்கு இது கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்களைப் போல மனப்பாடமாகிவிட்டது. உயரத்தில் உட்கார்ந்துகொண்டு எப்போது வெடிக்கலாம் என்று பார்க்கிற பெரியப்பா, மூலையில் படுத்தே காரியத்தைக் கெடுக்கிற மாமா, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் ஆளைக் கவிழ்க்கிற சித்தப்பா.

பெரியப்பாவையும் மாமாவையும் கண்டுபிடிக்க என் கையில் இருப்பது கம்பிவலை போட்ட விளக்கு. உள்ளே எரிகிற சுடர் வலையைத் தாண்டி வெளியே வராது. ஆகவே வெடிக்கும் பயமில்லை. கூரைப்பக்கம் தூக்கினால் சுடரின் தலையில் நீலத் தொப்பி முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரைப்பக்கம் இறக்கினால் சுடர் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் ஆட்கள் இறங்குமுன் நான் ஒவ்வொரு வழியாகப் போய் விளக்கைத் தூக்கியும் இறக்கியும் பார்த்துவிட்டு வருவேன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு யாருக்கோ தீபாராதனை காட்டுகிறேன் என்றுதான் தோன்றும்.

இது நடமாடும் விளக்கு. ஆபத்தான இடங்களில் நிரந்தரமாகவே ஒரு விளக்கு தொங்க வேண்டும் என்பது ஐயாவின் ஏற்பாடு. அந்த இடத்தை அவர் தேர்ந்தெடுக்கும் விதம் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும்.

வெள்ளை டிரில் கோட்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டுதான் கரிக்குழிக்குள் இறங்குவார். கோட்டுப்பையில் ஒரு சின்னச் சம்புடம். அதில் திருநீறு. சந்தேகமான இடத்தில் நின்று கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார். விரலில் மிஞ்சியதை மெல்ல உதிர்ப்பார். திருநீறு எந்தப் பக்கம் சாய்ந்து போகிறதோ காற்று அந்தப் பக்கம் போகிறது. சாயாமல் நேராகத் தரையில் விழுந்தால், அங்கே காற்று நடக்கவில்லை, நின்றுவிட்டது. "இதில ஒரு விளக்கு" என்பார். நான் ஆணி அடிப்பேன்.

"ஐயா, காத்தைப் பாக்க விபூதியா, விபூதி பூசக் காத்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆணியை அடியும்."

எந்த உயரத்தில் அடிப்பது என்பதற்கு அவரிடம் ஒரே சட்டம்: "ஆக்களின்ர மூக்கு எங்கயோ, விளக்கு அங்க." ஆட்கள் நின்று வேலை செய்யும் இடமென்றால் நின்றவன் மூக்கு உயரம். உட்கார்ந்து கரி வெட்டும் இடமென்றால் உட்கார்ந்தவன் மூக்கு. அளவுகோல் என் மூக்குதான். சுரங்கம் முழுக்க எத்தனையோ இடத்தில் என்னை நிற்க வைத்து, உட்கார வைத்து என் மூக்கு நுனியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருக்கிறார். வேறு எந்த உத்தியோகத்திலும் என் மூக்குக்கு இந்த மதிப்பு கிடைத்திருக்காது.

அவருடைய மூக்கு இன்னும் பெரிய சங்கதி. யார் கருவாடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், யார் நேற்று கள்ளுக்கடைக்குப் போனான் என்று இருட்டில் நடந்துகொண்டே சொல்வார். வாசமுள்ள கெட்ட காற்றும் உண்டல்லவா? அதற்கு மூக்குதான் முதல் விளக்கு. அதனால் மூக்கடைத்தவன் யாரும் அன்று வாயு பார்க்கக் குழிக்குள் இறங்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ஜலதோஷத்தை அவர் ஊரில் தடிமன் என்பார்கள். "தடிமனோ? வீட்ட போம்" என்று அனுப்பிவிடுவார். சும்மா விடுவேனா நான்? மழைநாளாகப் பார்த்து ஒரு நாள் நன்றாகத் தும்மிக்கொண்டே போய் நின்றேன். மூடிய கையை என் மூக்கருகே நீட்டினார்.

"இது என்ன சாமான்?"

"பெருங்காயமுங்க ஐயா."

"இறங்கும்."

அவருக்குத் தடிமன் பிடித்து நான் பார்த்ததே இல்லை. பிடித்திருந்தால் தன்னையே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

இனி அந்தப் பள்ளத்துக்கு வருகிறேன்.

தள்ளுவண்டிப் பாதையில் ஓரிடத்தில் தரை தாழ்ந்து போய் மறுபடி ஏறும். பக்கத்திலேயே கரி எடுத்து முடித்துச் செங்கல் வைத்து அடைத்துவிட்ட ஒரு பழைய குழி. அங்கே ஐயா திருநீறு உதிர்த்தபோது அது ஆடாமல் அசையாமல் கீழே விழுந்தது. "இதில ஒரு விளக்கு" என்றார். வண்டி தள்ளுகிறவர்கள் நின்றபடி போகிற வழி. ஆகவே நின்றவன் மூக்கு உயரத்தில் மாட்டினோம். சட்டப்படி எல்லாம் சரி.

சட்டத்துக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் இளைப்பாறக் கம்பெனி ஒதுக்கிய இடம், நான் குருவி வளர்த்த அந்தக் காற்று வாசல். வியர்த்த உடம்போடு அங்கே உட்கார்ந்தால் பல் கிட்டும். பள்ளமோ வெதுவெதுப்பு. காற்றும் இல்லை, சத்தமும் இல்லை, வேலை வாங்குகிற மண்டோர் கண்ணும் படாது. சாப்பிட்ட பிறகு நாலைந்து பேர் அங்கே போய்ச் சாக்கை விரித்துக் கொஞ்சம் கண்ணயர்வார்கள். வேலை நேரத்தில் தூங்கினால் பேர் வெட்டு, வேலை போய்விடும். பேர் போனால் கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும். ஆகவே இது யாருக்கும் தெரியாத ரகசியம்.

எனக்குத் தெரியும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவனே நான்தானே.

என் தங்கை பாக்கியத்தின் புருஷன் சடையனும் அங்கேதான் படுப்பான். வண்டி தள்ளுகிற பலசாலி. தூங்கினால் பக்கத்திலிருப்பவன் கெட்டான், அப்படிக் குறட்டை. கொஞ்ச நாளாக எழுந்திருக்கும்போது எல்லாருக்கும் தலைவலி. "பாக்கியம் வைக்கிற கருவாட்டுக் கொழம்புதான்" என்றேன் நான். "ஒந்தங்கச்சிதானே மச்சான்" என்றான் அவன்.

ஒருநாள் தலை கனக்க விழித்தேன். தலைமாட்டில் வைத்திருந்த என் கைவிளக்கு அணைந்து கிடந்தது. எண்ணெய் இருந்தது, திரி இருந்தது, சுடர்தான் இல்லை. அண்ணாந்து பார்த்தால் மேலே ஆணியில் தொங்குகிற விளக்கு கல்யாண வீட்டு விளக்கைப் போலச் சிரித்துக்கொண்டிருக்கிறது. படுக்கிற மாமா வந்து எங்களோடு படுத்திருக்கிறார். காலையில் நான் பார்த்தபோது அவர் இல்லை. பகலில் எங்கிருந்து வந்தார்?

ஐயாவிடம் சொன்னால் உடனே விளக்கைத் தாழ்த்துவார். ஆனால் முதலில், "அதில உம்மட தலை ஏன் கிடந்தது?" என்று கேட்பாரே! அதற்குப் பதில் சொன்னால் என் பேர் மட்டுமா போகும்? பாக்கியம் பிள்ளைத்தாச்சி. லயத்தை விட்டு எங்கே போவாள்? சொல்லாவிட்டால் ஒருநாள் இவர்களில் ஒருவன் எழுந்திருக்க மாட்டான்.

ஆட்களிடமே சொல்லிப் பார்த்தேன். "பள்ளத்துல படுக்காதீங்கப்பா, தரையில கெட்ட காத்து இருக்கு."

"ஆமா ஆமா, ஒனக்கு எடம் பத்தல, அதானே?" என்றான் எங்களோடு படுக்கிற மாரிமுத்து. எல்லாரும் சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் வேடிக்கை பேசியவன் ஒருநாள் உண்மை பேசினால் அதுதான் நடக்கும்.

சரி, நமக்குத் தெரிந்த தொழிலைச் செய்வோம் என்று ஒரு பொய் சொன்னேன். பள்ளத்தில் முனி இருக்கிறது, படுக்கிறவன் நெஞ்சில் ஏறி உட்கார்கிறது, அதுதான் தலைவலி என்றேன். கதை முடியுமுன்பே எல்லார் முகமும் வெளுத்துவிட்டது.

"அதானே பாத்தேன்! காத்து ஐயாவே அந்த எடத்துல விபூதி போட்டாருலா!" என்றான் மாரிமுத்து.

விட்டது தொல்லை, இனிமேல் யாரும் படுக்கமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். என் சனங்களை எனக்கே தெரியவில்லை. ஓரிடத்தில் முனி இருக்கிறது என்றால் நம்மவர்கள் அந்த இடத்தை விட்டு ஓடுவார்களா? போய்ப் படையல் அல்லவா போடுவார்கள்!

மறுநாள் பிற்பகல் என் சுற்றில் வந்துகொண்டிருந்தேன். சுரங்கத்துக்குள் கற்பூர வாசம். நெருப்புக்குச்சி சுரங்கத்துக்குள் வந்தாலே ஜெயில். வாசலில் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். கூரையில் பெரியப்பா கொஞ்சம் இருந்திருந்தால்கூட, பற்றவைத்தவன் மட்டுமல்ல, சுரங்கத்தில் பாதிப்பேர் சாம்பல்.

ஓடினேன். பள்ளத்தில் ஐந்தாறு பேர் கைகூப்பி நிற்கிறார்கள். சுவரோரம் ஒரு பெரிய கரிக்கட்டி. அதற்குக் குங்குமப் பொட்டு, முன்னால் ஒரு சுருட்டு. சடையன் கொண்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்த குச்சியால் கற்பூரத்தைப் பற்றவைத்து, ஓட்டில் ஏந்திக் கீழே இறக்கினான். முழங்கால் உயரம் வந்ததும் சுடர் அணைந்தது. ஊதாமல், ஆடாமல், அப்படியே அடங்கியது.

"ரெண்டாந் தடவை!" என்றான் மாரிமுத்து. "முனி ஏத்துக்கலடா."

மாமா முழங்கால் வரைக்கும் நிற்கிறார்! இவ்வளவு கனமாக ஒருநாளும் இருந்ததில்லை.

"எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சி சாமி, கோவிச்சுக்காத!" என்று சொல்லிக்கொண்டே சடையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மூக்கும் நெற்றியும் தரையில்.

"எந்திரிடா!" என்று கத்தினேன். எழவில்லை. முதுகு ஏறி ஏறி இறங்கியது. பிறகு கைகால் வெட்டி இழுத்தது.

"சாமி வந்திருச்சு! அருள் வந்திருச்சு!" என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "குறி சொல்லு சாமி!"

"சாமியும் இல்ல ஆசாமியும் இல்ல! காத்துடா! செத்துப் போவான்! தூக்குங்கடா!"

நான் பாய்ந்தேன். இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அருள் வந்தவங்களத் தொடாதண்ணே! தீட்டாயிரும்! எப்பப் பாத்தாலும் ஒனக்கு வெளையாட்டா?"

என் வாழ்க்கையில் நான் அழாத குறையாக உண்மை பேசியது அந்த ஒரு தடவைதான். ஒருவரும் நம்பவில்லை. அவர்கள் நம்பியது என் பொய்யை மட்டும்தான். அப்படியென்றால் வேறு என்ன செய்வது?

கண்ணை உருட்டினேன். நாக்கைத் துருத்தினேன். "ஆ...ங்!" என்று ஒரு கத்துக் கத்தி உடம்பை முறுக்கி ஆடினேன். பிடித்திருந்த கைகள் சட்டென்று விலகின.

"டேய்! யாருடா எம் மடியில படுத்துக் கெடக்கறது? இழுங்கடா அவன! மேட்டுக்கு இழுங்கடா!"

"உத்தரவு சாமி!"

"மூஞ்சியத் தரைப்பக்கம் கொண்டு போனீங்கன்னா ரத்தங் கக்குவீங்க! தலைய நிமித்தி வையுங்கடா! மூச்சடக்கிக் காலப் புடிச்சு இழுங்கடா!"

இழுத்தார்கள். முனி சொல்லுக்கு என்ன ஒரு மதிப்பு! சாக்கு மூட்டையைப் போலச் சடையன் மேட்டுக்கு வந்து சேர்ந்தான். முகம் ஈயம்போல் இருந்தது. நான் ஆட்டத்தை நிறுத்தினால் மறுபடி பள்ளத்துக்குள் போய் விழுந்து கும்பிட்டாலும் கும்பிடுவார்கள் என்று நிறுத்தாமல் ஆடிக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில்தான் எங்களிடமிருந்து காற்றுப் போகிற திசையிலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டு வந்தது.

ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார். முனி என் உடம்பை விட்டு அந்தக் கணமே இறங்கிவிட்டது.

நேரே போனார். சடையனைக் குப்புறப் போட்டு, அந்த வெள்ளைக் கால்சட்டையோடு கரிச்சேற்றில் முழங்காலிட்டு, முதுகை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பாக்கியத்திடம் என்ன சொல்வது என்று மட்டும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வேடிக்கைப் பேச்சு ஒன்றுகூட வரவில்லை.

சடையன் இருமினான். பிறகு வாந்தி எடுத்தான். பிறகு, "முனி என்னா சொல்லிச்சு?" என்று கேட்டான்.

ஐயா எழுந்து கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். கோயில் மூலஸ்தானம்போல அந்த இடமே கற்பூரமாக மணந்தது. எல்லார் கண்ணும் அவர் மூக்கின்மேல்.

"இவரின்ர தலை எங்க கிடந்தது?" என்றார்.

நான் சொல்லத் தொடங்கினேன். தொடங்கியபிறகு நிறுத்த முடியவில்லை. பள்ளத்தில் தூங்குவதைச் சொன்னேன், என் கைவிளக்கு அணைந்ததைச் சொன்னேன், முனி என் கற்பனை என்றேன். மாரிமுத்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கற்பூரத்தை மட்டும் சொல்லவில்லை. அது என் பேர் அல்ல, சடையனின் ஜெயில்.

"இவங்க பேர வெட்டிராதீங்கய்யா. எடத்தக் கண்டுபுடிச்சதே நாந்தான்."

"நீருமோ படுக்கிறனீர்?"

"மொதல்ல படுக்கிறது நாந்தானுங்க."

"தலை எந்தப் பக்கம் வைப்பீர்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "செங்கச் சொவத்துப் பக்கமுங்க."

"தலைக்கு என்ன வைக்கிறனீர்?"

"ஒரு சாக்கு மடிச்சு..."

"எவ்வளவு உயரம்?"

கையால் காட்டினேன். அவர் தன் கையை அதே உயரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "சாப்பிட்ட உடனயோ, கொஞ்சம் பிந்தியோ?" "கவிழ்ந்தோ, மல்லாந்தோ?" என் தூக்கத்தைப் பற்றி என் பெண்டாட்டிகூட இவ்வளவு கேட்டதில்லை.

மேலே வந்தபோது பத்துமலைப் பக்கம் வானம் கறுத்து இடி இடித்துக்கொண்டிருந்தது. ஐயா அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்கு விளக்கினார். வெளியே பிற்பகலில் காற்றின் பாரம் குறையும். மழை திரண்டால் இன்னும் குறையும். அப்போது அடைத்து வைத்த பழைய குழி செங்கல் வெடிப்பு வழியாக மூச்சை வெளியே விடும். காலையில் உள்ளே இழுக்கும். நான் காலையில் பார்த்தபோது மாமா இல்லாததற்கு அதுதான் காரணம்.

"குழி மூச்சு விடும் எண்டு எனக்குத் தெரியும். ஆக்கள் எங்க படுப்பினம் எண்டு காத்தைக் கேட்டு அறியேலாது" என்றார். அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது.

மறுநாள் பிற்பகல் என்னைக் கூட்டிக்கொண்டு போய், நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன பக்கம் தலைவைத்து, சாக்கை மடித்து வைத்து அவரே படுத்தார். பக்கத்தில் கைவிளக்கு. என்னை நிமிர்ந்து நின்று அவர் காலில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"நான் கதைக்கிறது நிண்டால் இழும்."

அவராவது, தொடர்ந்து பேசுவதாவது! என்ன செய்வார் என்று பார்த்தேன். தேவாரம் பாடத் தொடங்கினார். கரிக்குழிக்குள், வெள்ளைக் கோட்டோடு மல்லாந்து கிடந்து, கொஞ்சமும் சிரிக்காமல். எனக்கோ சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கைவிளக்கின் சுடர் சுருங்கி ஒரு முத்தளவாயிற்று. பாட்டில் ஒரு சொல் இழுபட்டது. அவர் நிறுத்துமுன்பே நான் இழுத்துவிட்டேன்.

"பாட்டில ரெண்டு அடி மிச்சம் கிடந்தது" என்று கோபித்துக்கொண்டார்.

அதன்பிறகு அந்த விளக்கு மடித்த சாக்கின் உயரத்துக்கு, தரையிலிருந்து ஒரு சாண் மேலே, செங்கல் சுவர்ப்பக்கமாக இறங்கியது. மேலே இருந்ததையும் எடுக்கவில்லை. சுவர் வெடிப்பைப் பூசினார்கள். பெரிய துரை, தரையிலே யாருக்கு விளக்கு என்று கேட்டபோது, தண்டவாளம் பார்க்கக் குனிந்த ஓர் ஆளுக்கு மயக்கம் வந்தது என்று ஐயா சொன்னதாகக் கிளார்க் மூலம் அறிந்தேன். பொய்யில் அவருக்கு அனுபவமில்லை. ஆனாலும் நன்றாகத்தான் சொல்லியிருந்தார். காற்று வாசலில் பலகைத் தட்டி வைத்துக் குளிரை மறைத்து, ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டப் பெஞ்சுகளும் போட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் பேரையும் வெட்டவில்லை.

எனக்கு மட்டும் தண்டனை உண்டு. தினமும் பகல் சாப்பாடு முடிந்த கையோடு பள்ளத்துக்குப் போய் விளக்கைப் பார்க்கும் வேலை. "உமக்கு இடமும் தெரியும், நேரமும் தெரியும்" என்றார். சுரங்கத்தை விட்டு நிற்கும் வரைக்கும் அந்த வேலை என்னை விடவில்லை. பகல் தூக்கம் என்ற ஒன்றை நான் மறுபடி பார்த்தது பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த பிறகுதான்.

முனி பொய் என்று நானே என் வாயால் சொன்னேனே, யாராவது நம்பினார்களா? முனிக்குப் பயந்து மாற்றிச் சொல்கிறேன் என்றார்கள். அந்த விளக்குக்கே முனி விளக்கு என்று பெயர் வந்துவிட்டது. சுடர் கொஞ்சம் சுருங்கினால் போதும், எவனும் காரணம் கேட்கமாட்டான், பறந்துவிடுவான். முனிக்குக் கற்பூரம் பிடிக்காது என்பதும் நிலைத்துவிட்டது. ஆகவே நெருப்புப் பயமும் இல்லை. பாக்கியத்துக்குப் பெண் பிறந்தது. முனியம்மா என்று பெயர் வைத்தார்கள். என் பொய்யின் பெயரைத் தாங்கிக்கொண்டு என் தங்கை மகள் வளர்ந்து நிற்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

மெஷினைப் பற்றிக் கேட்ட பிள்ளைகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "மெஷின அப்புறம் பாருங்கப்பா. மொதல்ல யார் எங்க படுக்கிறான், எங்க குந்துறான், எங்க ஒளிஞ்சு சுருட்டுப் புடிக்கிறான்னு பாருங்க. ஒங்ககிட்ட சொல்லமாட்டாங்க. நீங்களும் கூடப் போய்ப் படுத்தாத்தான் தெரியும்." சிரித்துக்கொண்டு போனார்கள். நம்பினார்களோ இல்லையோ.

ஐயாவும் உத்தியோகம் விட்டு இங்கே பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறார். போன வெள்ளிக்கிழமை கோயிலில் பார்த்தேன். தீபாராதனை முடிந்து கற்பூர வாசம் வாசல்வரை வந்து நின்றது. அவர் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக நெஞ்சிலிருந்த கேள்வியை அன்று கேட்டுவிட்டேன்.

"ஐயா, அன்னிக்குப் பள்ளத்துல இதே வாசந்தானுங்க. கும்முன்னு இருந்திச்சு. ஒங்க மூக்குக்குத் தெரியாம இருக்குமா? கேட்டிருந்தா எங்க சடையன் ஜெயிலுக்குப் போயிருப்பான். நீங்க ஏன் ஒரு வார்த்தகூடக் கேக்கல?"

ஐயா ஒரு செருப்பை மாட்டினார். அடுத்ததையும் மாட்டினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்டைக்கு எனக்குத் தடிமன்."